தாத்தா எழுதி வைத்த நிலம்

பெரியப்பா: போனில் யாரிடமோ "தாத்தா எனக்கு விட்டுப்போன நிலம்" என்றாயே, எந்தத் தாத்தாம்மா? எங்கள் அப்பாவா?

யாழினி: ஐயோ, அது விளையாட்டு பெரியப்பா.

பெரியப்பா: சொத்து விஷயத்தில் என்ன விளையாட்டு? பட்டா யார் பெயரில்?

யாழினி: ஸ்டார்டியூ வேலி என்று ஒரு வீடியோ கேம். ஆபீஸில் நொந்துபோனவளுக்குத் தாத்தாவின் பண்ணை கிடைக்கிறது. களை எடுத்து, விதை போட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பெரியப்பா: கூலி?

யாழினி: நான்தான் கொடுத்தேன். 480 ரூபாய்.

பெரியப்பா: களை எடுக்க நீ காசு கொடுத்தாயா? நம் வயலுக்குக் கூப்பிட்டால் அலர்ஜி என்பாய்!

யாழினி: இதில் முள்ளங்கி மாதிரி ஒன்று நாலே நாளில் விளைகிறது. அங்கே ஒரு நாள் என்பது கால் மணி நேரம்கூட இல்லை. மழை பெய்தால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். அந்தச் சத்தம் கேட்டாலே குஷிதான். ஆபீஸில் நான் போட்டது எது விளைந்தது, சொல்லுங்கள்?

பெரியப்பா: சரி, பட்டா?

யாழினி: மூன்றாம் வருஷம் பிறந்ததும் தாத்தா ஆவியாக வந்து பண்ணைக்கு மார்க் போடுவார். அவரையே கேட்கலாம்.

பெரியப்பா: 480 ரூபாய்க்கு ஆவி! உன் தம்பி ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம் இலவசம், தெரியுமா?

யாழினி: போன மாதம் உங்கள் கணக்கிலிருந்து 1,500 போனதே?

பெரியப்பா: அது... துப்பாக்கிக்குச் சட்டை.

யாழினி: சட்டை போட்டால் குறி தப்பாதா?

பெரியப்பா: அதெல்லாம் இல்லையாம். பார்க்க அழகாம். பெட்டி வாங்கித் திறந்தால் வந்தாலும் வருமாம்.

யாழினி: வந்ததா?

பெரியப்பா: செருப்பு வந்தது.

யாழினி: என் கேமை எரிக் பரோன் என்ற ஒரே ஆள், இசைகூடத் தானே போட்டு, நாலு வருஷத்துக்கு மேல் உழைத்து 2016-ல் வெளியிட்டார். அப்புறம் சேர்த்ததெல்லாம் இலவசம். 2024-ல்கூடப் பெரிதாக ஒன்று வந்தது. எனக்குச் சலித்தால் மூடிவிடுவேன், யாரும் கேட்க மாட்டார்கள். தம்பியை ஒரு நாள் காணோம் என்றால் போனில் மணி அடித்துக் கூப்பிடுகிறார்கள். கந்துவட்டிக்காரன்கூட ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடுவான்.

பெரியப்பா: அந்தச் செருப்பையாவது விற்க முடியுமா?

யாழினி: முடியாது. நான் முள்ளங்கி விற்ற காசில் கோழிக்கூண்டே கட்டிவிட்டேன்.

பெரியப்பா: எத்தனை கோழி?

யாழினி: சின்னக் கூண்டு, நாலுதான் கொள்ளும்.

பெரியப்பா: (நாற்காலியை இழுத்துப் போட்டு) முட்டை என்ன விலைக்குப் போகிறது?