'ஆர்ர்ர்' என்பது 300 வருட வழக்கமா?

செப்டம்பர் 19 'கடற்கொள்ளையர் போலப் பேசும் நாள்' 18ஆம் நூற்றாண்டுக் கொள்ளையர்கள் கொண்டாடிய திருவிழாவின் மிச்சம், 300 வருட வழக்கம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. இதற்கு வயது முப்பதுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

1995இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜான் பௌர், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் ராக்கெட்பால் (சுவரில் பந்தடிக்கும் ஆட்டம்) ஆடும்போது வேடிக்கையாகக் கொள்ளையர் பாஷையில் கத்திக்கொண்டதில் பிறந்தது இது. அன்று ஜூன் 6. ஆனால் அது இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேசப் படைகள் இறங்கிய நாள், அதில் போய்க் கூத்தடிக்க வேண்டாம் என்று சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாளான செப்டம்பர் 19ஐ எடுத்துக்கொண்டார்கள் (அது மறக்காது என்பதுதான் காரணமாம்!). ஏழு வருடம் நண்பர்கள் வட்டத்துக்குள்ளேயே கிடந்தது. 2002இல் நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் டேவ் பாரி இதைப் பற்றி எழுதிய பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது.

அப்புறம், கொள்ளையர்கள் இழுத்துக் கத்துவதாக நாம் நினைக்கும் அந்த 'ஆர்ர்ர்'. அசல் கொள்ளையர்கள் எல்லாரும் அப்படிப் பேசினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஒரே கப்பலில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், ஆப்பிரிக்கர் என்று கலந்து இருந்தவர்களுக்கு ஒரே உச்சரிப்பு எப்படி வரும்? நாம் இன்று நக்கலடிக்கும் அந்தக் குரல் பெரும்பாலும் 1950இல் வந்த 'ட்ரெஷர் ஐலண்ட்' படத்தில் ராபர்ட் நியூட்டன் பேசியது. அவர் பிறந்த டார்செட் பக்கத்து, அதாவது இங்கிலாந்தின் தென்மேற்குப் பேச்சு வாடையை இழுத்துப் பெரிதாக்கி நடித்தார், அதுவே ஒட்டிக்கொண்டது.

கண்ணில் துணி கட்டிக்கொண்டு கத்துவதை நான் குறை சொல்லவில்லை, தாராளமாகக் கத்துங்கள். அந்த '300 வருட' வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.