டயருக்குக் காத்து பிடிக்க இவ்வளவு போராட்டமா?

கிருஷ்ணகிரி பைபாஸ்ல எந்த பங்க்ல வண்டியை விட்டாலும் ஒரு டிஜிட்டல் ஏர் மெஷின் நிக்குது. நிக்குது, அவ்வளவுதான். ஒண்ணுல ஹோஸ் பின் டயர் வரைக்கும் எட்டல. ஒண்ணுல பிளஸ் பட்டன் தேய்ஞ்சு குழியாயிடுச்சு, நகத்தால குத்தினாத்தான் எண் ஏறுது. இன்னொண்ணுல எவனோ அழுத்த அளவை 'பார்' (bar) யூனிட்டுக்கு மாத்தி விட்டுட்டுப் போயிட்டான், 2.3ன்னு காட்டுது. நடுவெயில்ல குத்தவெச்சு உட்கார்ந்து, 14.5-ஆல பெருக்கி, நாம பழகின பி.எஸ்.ஐ. (psi) அளவுக்குக் கணக்கு வேற போடணுமா?

எல்லாத்தையும் விடக் கொடுமை ஹோஸ் முனையில இருக்கிற அந்த நாசில். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் பிஞ்சு தொங்குது. வால்வுல வெச்சு எவ்வளவு அழுத்தினாலும் ஓரமா புஸ்ஸுன்னு காத்து வெளியேதான் போகுது. மெஷின் பாட்டுக்கு பீப் பீப்னு கத்தி, 33 ஆயிடுச்சுங்குது. நம்ம பிரஷர் கேஜை வெச்சுப் பார்த்தா 28! இருந்த காத்தையும் இறக்கிட்டுப் போகவா வந்தேன்?

பங்க் தம்பியைக் கேட்டா, "சர்வீஸ்காரர் வரணும்ணா"ங்கிறான். போன மாசமும் அதையேதான் சொன்னான். எப்பதான் வருவார் அவர்?

இதே ரோட்டுலதானே தொப்பூர் கணவாய் இருக்கு! காத்து கம்மியான டயர் ஓட ஓட பக்கச்சுவர் மடங்கி, சூடேறி, வெடிக்கும். பிள்ளைகுட்டியோட சேலம் பக்கம் இறங்குறவன் எந்த எண்ணை நம்பி இறங்குவான்? ஒரு வாஷரை மாத்த எவ்வளவு நேரம்ங்க ஆகும்?