கல்லாவில் கிடக்கும் அடுத்தவர் பணம்

நேற்று முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மோட்டார் வாங்க வந்தார். விலையைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, பில் போடாம தந்தா எவ்வளவு குறையும்?" என்றார். பில் போட்டால் விலைக்கு மேல் சேரும் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி என் சட்டைப்பைக்குப் போகிறது என்று அவர் நினைக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கடை போட்ட முதல் இரண்டு வருஷம் நானே அப்படித்தான் இருந்தேன். கல்லாவில் விழுந்தது எல்லாம் என் பணம். அதில் கரண்ட் பில் கட்டினேன், பையனுக்கு சைக்கிள் எடுத்தேன். வரி கட்ட வேண்டிய 20ஆம் தேதி நெருங்கி ஆடிட்டர் போன் அடித்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

அப்பா கடை நடத்திய காலத்தில் பெரும்பாலான சரக்குக்கு முதல் விற்பனையிலேயே விற்பனை வரி முடிந்துவிடும், எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்குப் பெரிய வேலை கிடையாது. 2007 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது, 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி. பெயர் மாறியதே தவிர அடிப்படை ஒன்றுதான்: நாம் சரக்கின் விலையில் எவ்வளவு ஏற்றுகிறோமோ அதற்கு மட்டும்தான் நம் கையால் வரி. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, வாட் காலத்தில் வெளி மாநிலச் சரக்குக்குக் கொடுத்த மத்திய விற்பனை வரியைக் கழிக்க முடியாது, இப்போது முடியும்.

ஒரு மோட்டார் 10,000 ரூபாய்க்கு வாங்குகிறேன், மேலே 1,800 வரி. அதையே 12,000க்கு விற்றால் 2,160 வரி வாங்குகிறேன். கொடுத்ததைக் கழித்து 360 கட்ட வேண்டும். நான் ஏற்றிய 2,000க்குப் பதினெட்டு சதவீதம் போட்டுப் பாருங்கள், அதே 360. சரி, பில் இல்லாமல் கொடுத்தால்? கணக்குப்படி அந்த மோட்டார் இன்னும் என் கடையில் இருக்கும், ரேக்கில் இருக்காது. யாராவது வந்து சரக்கை எண்ணினால் நான் என்ன பதில் சொல்ல?

விற்ற தொகையில் ஒரு சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டத்துக்கு மாறிவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரிப்படாது. வாங்கும்போது கொடுத்த வரியைக் கழிக்க முடியாது, வாடிக்கையாளரிடம் வரி வாங்கவும் கூடாது, என்னிடம் வாங்கினால் கழிக்க வரி இருக்காது என்று கான்ட்ராக்டர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

என் வருத்தம் சதவீதத்தில் இல்லை, தேதியில் இருக்கிறது. எங்கள் ஊரில் ஐப்பசியில் மோட்டார் எடுத்துப் போகிறவர் பிசான நெல் அறுவடை முடிந்து பங்குனியில்தான் பணம் தருவார். பற்று நோட்டில் அவர் பெயர் இருக்கும், ஆனால் பில் போட்ட மாதத்துக்கான வரி அடுத்த மாதம் 20க்குள் போக வேண்டும். அவர் தராவிட்டாலும் அரசுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். இதே நான் மொத்த வியாபாரிக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்கவில்லை என்றால், நான் கழித்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்கிறது சட்டம். நான் தர வேண்டியதற்குக் கெடு இருக்கிறது, எனக்கு வர வேண்டியதற்கு ஒன்றுமில்லை.

போன வருஷம் ஆனித் தேர் முடிந்த வாரம் இன்னொரு பாடம். மொத்த வியாபாரி ஒருவர் தன் ரிட்டர்னில் என் பில்லை ஏற்றவே இல்லை. என் கையில் பில் இருக்கிறது, பாங்கில் பணம் போன கணக்கு இருக்கிறது, ஆனால் விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் எனக்குக் காட்டும் 2பி பட்டியலில் இல்லை. அதில் இல்லாததைக் கழிக்க முடியாது. 54,000 ரூபாய் என் கையிலிருந்து கட்டினேன். அவருக்குப் போன் போட்டால், "அடுத்த மாசம் ஏத்திருதேன் அண்ணாச்சி" என்றார். மூன்று 'அடுத்த மாசம்' போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதிக்கு மேல் நானே உட்கார்ந்து 2பியைப் பில் பில்லாகச் சரிபார்க்கிறேன், ஏற்றாதவருக்கு அடுத்த ஆர்டர் கிடையாது. விற்பனையில் வரும் வரியைத் தனி பாங்க் கணக்கில் அன்றன்றே போட்டுவிடுகிறேன், கடனுக்குப் போனால் என் முதலிலிருந்து எடுத்து.

இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவுக்குள் வியாபாரம் செய்கிறவர்கள் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்த பிறகு வாட் கட்டலாம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். நம் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டியில் அதைக் கொடுக்க என்ன தடை? வரியைக் குறைக்கச் சொல்லவில்லை, கைக்கு வந்ததும் கட்டுகிறோம் என்றுதான் சொல்கிறோம்.

முக்கூடல்காரர் கடைசியில் பில்லோடுதான் மோட்டாரை எடுத்துப் போனார். பணம்? "பிசானம் முடியட்டும் அண்ணாச்சி." பற்று நோட்டில் எழுதிக்கொண்டு, அவருக்கான 2,160ஐ ராத்திரியே அந்தத் தனிக் கணக்குக்கு மாற்றினேன்.