தலைக்கு இவ்வளவு என்பதில்தான் சிக்கல்
ஆய்வில் சேர்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் டாக்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மருந்து ஆய்வுகள் சீக்கிரம் முடியும் என்கிறது கட்டுரை. சேர்க்கை வேகமெடுக்கும், சரி, ஆய்வு உருப்படாது. ஒப்புதல் கையெழுத்து வாங்கிய அன்றே பணம் வந்துவிட்டால், கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்த அளவு) வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பவரும் உள்ளே வந்துவிடுவார், மூன்றாவது பரிசோதனைக்கு வராதவரைத் தேடிப் போக ஆள் இருக்காது. விடுபட்ட தரவை எந்தப் புள்ளியியல் வித்தையாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. வருகைவாரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: படிவம் நிரப்பி, தரவைச் சரிபார்ப்பவர்கள் எழுப்பும் கேள்விகளுக்குப் பதில் தந்த பிறகு அந்த வருகைக்கான தொகை; கடைசித் தவணை ஆய்வு மையத்தை மூடும்போது. தகுதிச் சோதனையில் கழிந்த நோயாளிகளுக்காகவும் டாக்டருக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் யாரையும் கழிக்க மனம் வராது. 'சேவைதானே, பணம் எதற்கு' என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தியாவின் 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் இருப்பவருக்குக் கடுமையான பாதகம் எது நேர்ந்தாலும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 14 நாளில் விரிவான அறிக்கை தர வேண்டும். புறநோயாளிக் கூட்டத்துக்கு நடுவே இதையெல்லாம் சும்மா செய் என்பது அநியாயம். ஆனாலும் பணத்தைக் கூட்டுவதைவிட எழுத்து வேலையைக் குறைப்பது அதிகப் பலன் தரும். கோவிட் சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் படிவங்கள் மிகச் சுருக்கம், தேவையற்ற கூடுதல் பரிசோதனைகள் கிடையாது. 2020 மார்ச்சில் தொடங்கி ஜூனுக்குள் 11,000-க்கு மேற்பட்ட நோயாளிகள் சேர்ந்தார்கள்; ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து குறைக்கிறது என்ற விடையும் அந்த ஜூனிலேயே கிடைத்தது.