நாத்தத்தை நாத்தம் என்று எழுதினால் என்ன குற்றம்?

ஒரு பிள்ளை எழுதிய ஒற்றை வார்த்தையைக் கிண்டல் செய்து சுற்றும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக இருந்தேன். நேற்று ஒருவர் அதை எனக்கே அனுப்பி, "இது உங்க ஸ்கூலா மேடம்?" என்று கேட்டு ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டிருந்தார். ஆமாம் ஐயா, எங்கள் ஸ்கூல்தான். என் வகுப்புதான்.

எட்டாம் வகுப்பு. பெங்களூரு ஏரிகள் பற்றிய ப்ராஜெக்ட். படித்த செய்தியை, இணைய இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் டீகோ என்ற தளத்தில் வகுப்புக்கென்று வைத்திருக்கும் கணக்கில் சேமிக்க வேண்டும், ஏன் சேமித்தேன் என்று இரண்டு வரி எழுத வேண்டும், பிறகு தேடி எடுக்க மூன்று டேக், அதாவது அடையாளச் சொல், போட வேண்டும். அவ்வளவுதான். 2017ல் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்த செய்திக்கு ஒரு பையன் "நாத்தம்" என்று டேக் போட்டான். அவன் வீடு அந்தப் பக்கம்தான், சாயங்காலம் ஜன்னலே திறக்க மாட்டார்களாம். அந்த ஒரு வார்த்தைக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "இதுதான் நவீனக் கல்வி" என்று ஊர் முழுக்கச் சுற்ற விட்டிருக்கிறீர்கள்.

வட்டத்துக்கு வெளியே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஏரி, கெரே (கன்னடத்தில் ஏரி), லேக், லேக்ஸ் என்று ஒரே விஷயத்துக்கு நாலு டேக். ஒரு குழு சேர்த்தது இன்னொரு குழு தேடும்போது வரவே இல்லை. அரை மணி நேரம் சண்டை. தமிழில் நுரையா, கன்னடத்தில் நொரேயா என்று தனியாக ஒரு சண்டை. கடைசியில் கெரே என்றே வைத்துக்கொண்டார்கள். ஏரிக்கரைப் பலகையில் அப்படித்தானே இருக்கிறது என்று சொன்னது ஒரு தமிழ்ப் பெண். படிக்காதவனால் இந்தச் சண்டையைப் போடவே முடியாது. நான் சொல்வது இது ஒன்றுதான்: படித்தால்தான் பெயர் வைக்க முடியும்.

என் அப்பா நாற்பது வருஷம் பேப்பர் கத்தரித்துச் சேர்த்தவர். அவர் போன பிறகு, பென்ஷன் சம்பந்தமாக அவர் எடுத்து வைத்த ஒரு செய்தியைத் தேடி அல்சூர் வீட்டு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். ஒவ்வொரு துண்டின் தலையிலும் சிவப்பு மையில் "முக்கியம்". எல்லாவற்றிலும். "உங்கப்பாவுக்கு எல்லாமே முக்கியம், அதான் ஒண்ணும் கிடைக்கல" என்றார் அம்மா. என் வகுப்பிலும் நாலு பேர் எல்லாவற்றுக்கும் "முக்கியம்" என்றே போடுகிறார்கள். படிக்கவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும். நாத்தம் என்று போட்டவன் படித்தவன்.

"கூகுளில் தேடினால் வராதா?" வரும். லட்சம் வரும். நாற்பது பிள்ளைகள் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்து வைத்தது வராது. "பிள்ளைகள் கையில் போன் கொடுக்கிறார்கள்." போன் இல்லை, லேபில் இருக்கும் கம்ப்யூட்டர். அதுவும் வாரம் ஒரு பீரியட். வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. "பிள்ளைகள் பெயர் வெளியே தெரியாதா?" இது நியாயமான கேள்வி. அதனால்தான் மூடிய குழு. வெளியே கொண்டுவந்தது யார் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொருவர், இந்தத் தளங்கள் எல்லாம் நாளைக்கே மூடிவிடும் என்றார். உண்மை. இதேபோல இணைப்புகளைச் சேமிக்க 2003ல் ஆரம்பித்த டெலிஷியஸ் கைமாறிக் கைமாறிக் காணாமல் போனது. படிக்க எடுத்து வைக்கும் பாக்கெட் 2025ல் மூடியபோது என் சேமிப்பும்தான் போனது. சரி, கரும்பலகையில் எழுதியதையும்தானே தினமும் அழிக்கிறோம்?

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்காம். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரான ரங்கநாதன், ஒரு புத்தகத்தின் விஷயத்தை ஒரே பெட்டியில் அடைக்காமல் பல கோணங்களில் பிரித்துக் கோலன் (:) புள்ளியால் சேர்க்கும் முறையை 1933லேயே வெளியிட்டுவிட்டார். 1962ல் ஆவணமாக்கத்துக்கென்று ஆய்வு மையம் தொடங்கியதும் இதே பெங்களூரில்தான். அவரையும் யாராவது வட்டம் போட்டுச் சிரித்திருப்பார்களோ என்னவோ.

பெற்றோர் கேட்டது கூட எனக்கு வருத்தமில்லை, அவர்களுக்குப் பயம். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்துச் சாப்பிட்டவர்கள் அந்த ஸ்க்ரீன்ஷாட் சுற்றிய குரூப்பில் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறார்கள். பதினாறு வருஷப் பழக்கம். கேட்டால், "சும்மா ஜாலிக்கு" என்கிறார்கள்.

நிர்வாகம், கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள் என்கிறது. இன்று காலை அந்தப் பையன் மாடிப்படியில் நிறுத்தி, "மிஸ், துர்நாற்றம்னு மாத்திடட்டுமா?" என்று கேட்டான். மாத்தாதே என்று சொல்ல வாய் வந்தது. பெல் அடித்துவிட்டது.