காரெல் சாபெக் என்றால் ரோபோ மட்டும்தானா?

செயற்கை நுண்ணறிவு பற்றி யார் பேசினாலும் காரெல் சாபெக் பெயர் ஒருமுறை வந்துபோகிறது. ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்த செக் எழுத்தாளர் என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்ததே அவருடைய அண்ணன் யோசெஃப். சாபெக்கின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது.

1921 ஜனவரியில் பிராக் தேசிய அரங்கில் 'ஆர்.யு.ஆர்.' நாடகம் மேடையேறியபோது அவருக்கு 31 வயது. அதன் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல, செயற்கைச் சதையும் நரம்பும் கொண்டு மனிதர்களைப் போலவே இருப்பவை. அவற்றைச் செய்யும் தொழிற்சாலையில் வில்லன் என்று யாரையும் கைகாட்ட முடியாது. நிர்வாகி டோமினுக்கு மனிதர்களை உழைப்பிலிருந்து விடுவிக்க ஆசை. அங்கே வந்து சேரும் ஹெலெனாவுக்கு ரோபோக்கள் மேல் இரக்கம். வணிகத்தைப் பார்க்கும் புஸ்மனுக்கு ஆர்டர்கள் குவிகின்றன, நிறுத்த வழியில்லை. ஆளாளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித இனம் அழிந்துபோகிறது.

இதே பார்வை முற்றிக் கனிந்தது 1936இல் வந்த 'சலமாண்டர்களுடன் போர்' நாவலில்தான். என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய உச்சம். சுமத்ரா பக்கத்தில் கேப்டன் வான் டோக் கடல் சலமாண்டர்களை, அதாவது பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில உயிரினங்களைக் காண்கிறார். சுறாக்களை எதிர்க்க அவற்றுக்குக் கத்தி கொடுக்கிறார், பதிலுக்கு முத்து எடுத்துவரச் செய்கிறார். அவர் இறந்ததும் முதலாளி போண்டியின் சிண்டிகேட் என்ற வணிகக் கூட்டமைப்பு சலமாண்டர்களையே விற்கத் தொடங்குகிறது. அப்புறம் நாடுகள் போட்டி போட்டு ஆயுதம் தருகின்றன. வாழக் கடற்கரை போதாமல் அவை நிலத்தைத் தகர்க்கும்போதும் வியாபாரம் நிற்பதில்லை. போண்டி வீட்டு வாயிற்காவலர் பொவோந்திரா மட்டும், அன்று போண்டியைப் பார்க்க வந்த கேப்டனை உள்ளே விட்டது நான்தானே என்று மருகுகிறார். லாபம் பார்த்தவர்கள் யாருக்கும் வராத குற்றவுணர்வு அந்த எளிய மனிதருக்கு வருகிறது பாருங்கள், அங்கேதான் சாபெக் என்னைக் கலங்கடித்தார்.

அவரைத் தீர்க்கதரிசி என்று புகழ்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. 'லிடோவே நோவினி' நாளிதழில் வேலை பார்த்தவர் அவர். கண்முன்னே ஹிட்லர் வளர்வதைப் பார்த்துத்தான் எழுதினார். 1938 செப்டம்பரில் ஹிட்லருடன் மேற்கு நாடுகள் செய்த மியூனிக் ஒப்பந்தம் அவர் நாடான செக்கோஸ்லோவாக்கியாவைக் கூறுபோட்டது. அதே ஆண்டு டிசம்பர் 25இல் நிமோனியாவால் இறந்தார், வயது 48. யோசெஃப் நாஜி வதைமுகாம்களில் அடைக்கப்பட்டு 1945இல் மாண்டார்.

புதிதாகப் படிப்பவர்கள் நாடகத்துக்கு முன் அந்த நாவலை எடுங்கள். நடுவில் செய்தித் துணுக்குகளும் அறிக்கைகளுமாகக் கதை நின்றுவிட்டதுபோல் தோன்றும். அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள். பேரழிவு எப்படிக் கமிட்டி கமிட்டியாகக் கூடி வளர்கிறது என்பதை அங்கேதான் எழுதியிருக்கிறார்.