ஒன்பது மணிக்கு ஆரம்பித்துவிடுகிறார்

தகப்பன்: இன்றைக்கு நற்கருணை ஆராதனையில் நம்ம போதகர் ஐயர் திராட்சரசக் கிண்ணத்தை ஏன் அக்கா அப்படி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்? எனக்கு இந்தப் பக்கம் முழங்கால்படியிட்டவருக்கு ஒரு மடக்கு, அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஒரு மடக்கு. எனக்கு மட்டும் உதடுகூட நனையவில்லை.

டீச்சர்: உங்கள் நன்மைக்குத்தான் தம்பி. முதல் ஒரு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

தகப்பன்: எது கஷ்டமாக இருக்கும்?

டீச்சர்: கை நடுங்கும், தூக்கம் வராது என்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் மட்டும்.

தகப்பன்: வெள்ளிக்கிழமை நம்ம சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒரு கூட்டமே வீட்டுக்கு வந்திருக்கிறது. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். எதற்கென்று தெரியாமலே அவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள். போகும்போது ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரித்துப் பார்த்தால் போதை மறுவாழ்வு மையத்தின் விலாசம்!

டீச்சர்: நல்ல இடம். சாப்பாடும் பரவாயில்லையாம்.

தகப்பன்: அக்கா, நான் கலர்கூடக் குடிப்பதில்லை.

டீச்சர்: எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். இதோ, என் ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பில், ஓய்வுநாள் பள்ளியில், உங்கள் மகன் எழுதிக் கொடுத்த ஜெபக்குறிப்பு. நீங்களே படியுங்கள்.

தகப்பன்: (படிக்கிறார்) "எங்க அப்பாவுக்காக ஜெபிக்கவும். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்துவிடுகிறார். பத்து மணி வரைக்கும் நிறுத்துவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தம் போடுகிறார். அம்மா அழுகிறாள். போன வாரம் தங்கச்சி கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி வீங்கிவிட்டது. அப்பாவுக்கு அது தெரியவில்லை."

டீச்சர்: அந்தக் கடைசி வரியில்தான் நான் அழுதுவிட்டேன்.

தகப்பன்: அக்கா, இது குடும்ப ஜெபம்!

டீச்சர்: எது?

தகப்பன்: ஒன்பது மணிக்கு நான் ஆரம்பிப்பது. குடும்ப ஜெபம். பாய் விரித்து, பாமாலை பாடி, வேதம் வாசித்து, ஜெபம்.

டீச்சர்: ஒரு மணி நேரமா?

தகப்பன்: நன்றி சொல்கிற ஸ்தோத்திரமே கால் மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் பாவ அறிக்கை, விண்ணப்பம், மிஷனரிகள். மிஷனரிகளை மாநிலம் மாநிலமாகத்தான் ஜெபிப்பேன்.

டீச்சர்: குடித்திருந்தால் இதற்குள் தூங்கியிருப்பீர்கள்.

தகப்பன்: அதை விடுங்கள். இதை யாரிடமெல்லாம் சொன்னீர்கள்?

டீச்சர்: ஐயரம்மாவிடம் மட்டும்தான். அதுவும் ஜெபத்துக்காகத்தான்.

தகப்பன்: அப்புறம் ஊரே ஜெபித்துவிட்டது.

(இந்த ஒரு இடத்தில் தகப்பன் பக்கம் நியாயம் இருக்கிறது. "ஜெபத்துக்காகச் சொல்கிறேன்" என்று ஆரம்பித்த எதுவும் எங்கள் சபையில் ஞாயிறு வரை தாங்கியதில்லை. மற்றபடி நான் டீச்சர் கட்சி.)

டீச்சர்: சரி, அது என் தப்பு. அம்மா ஏன் அழுகிறாள்?

தகப்பன்: உருக்கமாக ஜெபிக்கிறேன், அழுகிறாள்.

டீச்சர்: என்ன சொல்லி ஜெபிக்கிறீர்கள்?

தகப்பன்: "மூன்று நாளாகச் சாம்பாரில் உப்பை மறக்கிற இந்த மகளுக்கு ஞாபகசக்தியைத் தந்தருளும்" என்று.

டீச்சர்: பையனுக்கு?

தகப்பன்: "பரம பிதாவே, கணக்கில் 38 வாங்கிவிட்டு, வெட்கமில்லாமல் கிரிக்கெட் பார்க்கிற இந்தச் சிறுவனை உம்முடைய சமுகத்தில் தாழ்த்துகிறேன். அடுத்த வீட்டுப் பையன் 91 வாங்கியிருப்பதை நீர் அறிந்திருக்கிறீர்." இதில் என்ன தப்பு இருக்கிறது?

டீச்சர்: அவர் அறிந்திருந்தால் நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?

தகப்பன்: பையன் அறிய வேண்டாமா?

(இது கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பையனின் காலாண்டு மார்க் முழுவதும் எனக்குத் தெரியும். ஜன்னல் திறந்திருக்கும், ஜெபம் நன்றாகக் கேட்கும்.)

டீச்சர்: கடையில் பேசும்போது நம்ம பாளையங்கோட்டைத் தமிழ்தான் பேசுகிறீர்கள். கண்ணை மூடினால் மட்டும் 1871க்குப் போய்விடுகிறீர்கள்.

தகப்பன்: அந்த வருஷம் ஹென்றி பவர் ஐயர் குழு மொழிபெயர்த்துக் கொடுத்த வேதாகமத் தமிழ் அக்கா அது. அதைக் குறை சொல்லாதீர்கள்.

டீச்சர்: வாசிக்கத்தான் கொடுத்தார்கள். அதே தமிழில் நீங்கள் திட்டினால் எது வசனம், எது வசவு என்று பையனுக்கு எப்படித் தெரியும்?

தகப்பன்: நான் வேதத்தின்படிதான் வளர்க்கிறேன். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து." நீதிமொழிகள் 22:6.

டீச்சர்: நடத்து என்றுதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் முழங்காலில் நிறுத்து என்று இல்லை. உபாகமம் 6:7 தெரியுமா?

தகப்பன்: தெரியாமலா? வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளிடம் பேசு.

டீச்சர்: தினமும் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறீர்களே, வழியில் என்ன பேசுவீர்கள்?

தகப்பன்: ஹெல்மெட் போட்டிருப்பேன். ஒன்றும் கேட்காது.

டீச்சர்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது?

தகப்பன்: செய்தி ஓடும்.

டீச்சர்: படுத்துக்கொள்ளுகிறபோது?

தகப்பன்: அதுதான் ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறேனே.

டீச்சர்: குடிக்கிறவரும் இதையேதான் சொல்வார். பகலில் தொடவே மாட்டேன் என்பார்.

தகப்பன்: இன்னும் அதை விடமாட்டீர்களா? சரி, சின்னவள் விழுந்தது என் தப்பா? ஜெப நேரத்தில் யார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தூங்கச் சொன்னது?

டீச்சர்: பவுல் நடு ராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்ணினபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மாடியிலிருந்து, விழுந்தான். அப்போஸ்தலர் 20.

தகப்பன்: பார்த்தீர்களா, பவுலே நிறுத்தவில்லை!

டீச்சர்: விழுந்து செத்தவனைப் பவுல் எழுப்பிவிட்டார். உங்களுக்கு எழுப்பத் தெரியுமா?

தகப்பன்: ...

டீச்சர்: ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபம் மத்தேயுவில் ஐந்து வசனம். அரை நிமிஷம். அதற்கு முந்தின பகுதியை ஒருதரம் வாசித்துப் பாருங்கள், வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று இருக்கும்.

தகப்பன்: மிஷனரிகளுக்கு ஜெபிப்பது வீண்வார்த்தையா?

டீச்சர்: நம்ம வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903ல் இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். 1912ல் டோர்னக்கலுக்குப் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். இதைப் பையனுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறீர்களா?

தகப்பன்: பெயரைத் தினமும் சொல்கிறேனே.

டீச்சர்: 1945ல் இறந்துபோனவருக்கு என்ன ஜெபம்?

தகப்பன்: விண்ணப்பத்தில் இல்லை அக்கா, ஸ்தோத்திரத்தில்.

டீச்சர்: தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். 38 மார்க்கைப் பற்றிப் பையனிடம் நேரே கேட்டீர்களா?

தகப்பன்: கேட்டால் எதிர்த்துப் பேசுவான். வகுத்தல் புரியவில்லை, டீச்சர் லீவு என்று ஏதாவது சொல்வான்.

டீச்சர்: ஜெபத்தில் சொன்னால் பேச முடியாது. கண்ணை மூடியிருக்கிறான், கையைக் கூப்பியிருக்கிறான், பக்கத்தில் கர்த்தர் வேறு. உங்களுக்குச் சௌகரியம். அவனுக்குக் கர்த்தர் யார் தெரியுமா? தினமும் ராத்திரி அப்பா போய்ப் புகார் கொடுக்கிற ஹெட்மாஸ்டர். நாளைக்கு நிஜமாகவே ஒரு கஷ்டம் வந்தால் ஹெட்மாஸ்டரிடமா போய்ச் சொல்வான்?

(தகப்பன் சட்டைப் பொத்தானைத் திருகுகிறார். பதில் வரும் என்று டீச்சர் காத்திருக்கிறார். வரவில்லை.)

டீச்சர்: சரி, போகட்டும். நேரமாகிறது, ஒரு சின்ன ஜெபம் பண்ணி முடித்துவிடுங்கள்.

தகப்பன்: (கண்ணை மூடி) அன்புள்ள பரம பிதாவே, தகப்பன்மாரை மதிக்காமல், கையில் ஒரு சீட்டு கிடைத்தால் ஊரெல்லாம் பரப்புகிற இந்தச் சகோதரிக்கு நாவடக்கத்தைத் தந்தருளும்...

டீச்சர்: (அவரும் கண்ணை மூடி) ஆண்டவரே, இந்தத் தம்பிக்கு இரண்டு காதைக் கொடும்...

தகப்பன்: ...ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் எதை எழுதினாலும் விசாரிக்காமல் நம்பிவிடுகிற பேதைமையை நீக்கிப்போடும்...

டீச்சர்: ...விசாரித்ததில் இவர் குடிக்கவில்லை என்று தெரிந்தது, ஸ்தோத்திரம். குடிப்பதை நிறுத்த வைப்பது சுலபம் என்பதையும் நீர் அறிவீர்...

தகப்பன்: ...பெரியவர்களை நக்கல் பண்ணுகிற ஆவியை...

டீச்சர்: ...இவர் மகன் அரை மணி நேரமாக ஸ்கூட்டர் பக்கத்தில் வெயிலில் நிற்கிறான். நான் வகுப்பறையைப் பூட்டிவிட்டுக் கறிக்கடைக்குப் போக வேண்டும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் பிதாவே, ஆமென்.

தகப்பன்: அக்கா, நான் இன்னும் விண்ணப்பத்துக்கே வரவில்லை!